கண்ணா, கம்பியா? – ஒரு ஹெட்லைட் புராணம்

எங்க அபார்ட்மெண்ட் பேஸ்மெண்டில் ரெண்டு பெரிய எஸ்யூவிகளுக்கு நடுவே உறை போட்டு மூடின சின்ன வண்டி ஒண்ணு நிற்கும். வாட்ச்மேனுக்கு அது "ஓல்டு கார்". என் பொண்ணுக்கு "தாத்தா கார்". வீட்டம்மா அதுக்கு வச்சிருக்கிற பேரை இங்கே எழுதுவதற்கில்லை :-)

அது ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. 1978-ல் அப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கினது. பாளையங்கோட்டை வீட்டு ஷெட்டில் சும்மா நின்றதை, சில வருஷம் முன்னால் லாரியில் ஏற்றி பெங்களூருக்குக் கொண்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சுற்று, ஒரு ஃபில்டர் காபி, திரும்ப உறைக்குள். ராத்திரியில் மட்டும் எடுக்கிறதே இல்லை. காரணம் ஹெட்லைட். போட்டால், பூஜை ரூம் காமாட்சி விளக்குக்கு அது கொஞ்சம்தான் மேல்.

அதைச் சரி பண்ணப் போன கதைதான் இது. போன இடத்தில் நூறு வருஷத்துக்கும் மேலான சரித்திரமும், எங்க வீட்டுப் பழைய கணக்கு ஒன்றும் சேர்ந்தே கிளம்பிவிட்டது.

* * *

முதலில் வண்டியைப் பற்றி. பெர்மிட், கோட்டா என்று இருந்த அந்தக் காலத்தில் இந்தியாவில் கார் வாங்கணும்னா முக்கியமாக மூணே வீடுதான். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் அம்பாசடர், பம்பாயில் ஃபியட், மெட்ராஸில் ஸ்டாண்டர்ட். 1948-ல் தொடங்கின ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனியின் தொழிற்சாலை வண்டலூர்ப் பக்கம் இருந்தது. 1959-ல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு வெளிவந்தது. உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலோட்டி. 1961-லேயே அது மெட்ராஸில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டாகப் பிறந்துவிட்டது. இங்கிலாந்து ஹெரால்டுக்குக் கடைசிவரை ரெண்டே கதவுதான். குடும்பத்தோடு ஏறி இறங்க நாலு கதவு வச்சுக் கொடுத்தது நம்ம ஊர்க்காரங்கதான்.

அதே 1961-ல் மெட்ராஸில் இன்னொண்ணும் நடந்தது. டிவிஎஸ்ஸும் இங்கிலாந்தின் லூகாஸ் கம்பெனியும் சேர்ந்து காருக்கான மின்சாதனங்கள் செய்ய லூகாஸ் டிவிஎஸ்ஸை அமைத்தன. பாடி வழியாக பஸ்ஸில் போனவங்களுக்கு "லூகாஸ்" என்பது ஒரு ஸ்டாப்பிங் பேர். "லூகாஸ் எல்லாம் எறங்கு" என்று கண்டக்டர் கத்தும்போது, லூகாஸ் என்கிறது ஒரு மனுஷனின் பேர் என்று யார் நினைத்துப் பார்த்தோம்? ஜோசஃப் லூகாஸ் பர்மிங்ஹாம் தெருக்களில் மண்ணெண்ணெய் விற்ற ஆள். அப்புறம் விளக்கு செய்ய ஆரம்பித்தார். அவருடைய சைக்கிள் விளக்கின் பேரே "கிங் ஆஃப் தி ரோடு". சாலையின் ராஜா!

ஆனால் பழைய பிரிட்டிஷ் கார் பிரியர்கள் கிண்டலாக அவருக்கு வச்ச பட்டம் "இருட்டின் இளவரசர்". பாவம், அந்தப் பழி முழுக்க அவருக்குச் சேராது. ஏன்னு வர்றேன்.

* * *

காருக்கு முதலில் வந்தது கார்பைடு விளக்கு. கார்பைடு கல் மேல் தண்ணீர் சொட்டினால் அசிட்டிலின் வாயு வரும், அது எரியும். நெல்லையப்பர் கோயில் ஆனித் திருவிழாக் கடைகளில் அந்த நாற்றத்தை மூக்கில் வாங்கினவங்களுக்கு இது புரியும். மின்சார விளக்கு பரவலானது 1912 மாடல் காடிலாக்குக்கு அப்புறம். சார்லஸ் கெட்டரிங் அந்த வண்டிக்கு செல்ஃப் ஸ்டார்ட்டரும் டைனமோவும் மின்விளக்கும் ஒரே ஏற்பாடாகக் கொடுத்தார். 1920-களில் ஒரே பல்புக்குள் ரெண்டு இழை வந்தது: ஒண்ணு தூரத்துக்கு, ஒண்ணு எதிரே வர்றவர் கண்ணைக் கூசாமல் கீழே பார்க்க. நம்ம ஊர் "பிரைட்டு, டிம்மு". 1971-ல் எச்4 என்கிற ஹாலஜன் பல்பு வந்தது. பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். அதே அளவு மின்சாரத்தில் பழைய பல்பைவிட நல்ல வெளிச்சம்.

இதோடு நம்ம ஊர் வழக்கம் ஒன்று, ஹெட்லைட் கண்ணாடியில் கறுப்புப் பெயிண்ட். எதிரே வர்றவங்களுக்குக் கூசக்கூடாதுன்னு வைத்தது. சின்ன வயசில் அதை வண்டிக்கு வச்ச திருஷ்டிப் பொட்டு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

விளக்கின் கதை எல்லாரும் எழுதுவது. விளக்குக்குப் போகிற கம்பியின் கதையை யாரும் எழுதுவதில்லை. எங்க வீட்டிலும் அதுதான் நடந்தது.

* * *

1994 மார்கழி. கோவில்பட்டியில் ஒரு நிச்சயதார்த்தம் முடித்து அப்பா குடும்பத்தோடு திரும்பிக்கொண்டிருந்தார். கயத்தாறு தாண்டி, விளக்கில்லாத ஒரு மாட்டு வண்டி. பின்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த மூங்கில் கண்ணாடிக்கு ஒரு கை தூரத்தில் வந்தபிறகுதான் அப்பாவுக்குத் தெரிந்தது. எப்படியோ ஒடித்துத் தப்பித்தார். வீடு வரும்வரை யாரும் பேசவில்லை.

மறுநாள் கண் டாக்டரிடம் போனார். "வயசுக்கு ஏத்த கண்ணுதான், நல்லா இருக்கு" என்று அவர் கண்ணாடியை லேசாக மாற்றிக் கொடுத்தார். அப்பா நம்பவில்லை. பக்கத்து ஒர்க் ஷாப்பில் "பெரிய பல்பா" போட்டுத் தந்தார்கள். ரெண்டு நாளில் டேஷ்போர்டுக்குப் பின்னால் கருகின வாடை. பழைய பல்பையே திரும்ப மாட்டினார்கள். அன்றிலிருந்து அப்பா பொழுது சாய்ந்தபிறகு ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. "கண்ணு போச்சு" என்பதே காரணம்.

கல்யாண வீடுகளில் எல்லாரும் ரிசப்ஷனுக்கு உட்காரும்போது நாங்கள் கிளம்பிக்கொண்டிருப்போம். அது பரவாயில்லை. 1996-ல் ஒருநாள் ராத்திரி ஒரு மணிக்கு அம்பாசமுத்திரத்தில் ஆச்சிக்கு மூச்சு வாங்குகிறது என்று போன் வந்தது. முப்பத்தஞ்சு கிலோமீட்டர். வாடகைக் கார் எதுவும் கிடைக்கவில்லை. அப்பா கையில் சாவியை வச்சுக்கொண்டு வாசல் திண்ணையில் விடியும்வரை உட்கார்ந்திருந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆச்சி போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அதைப் பற்றி அவர் எதுவும் பேசினதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

* * *

சரி, பெங்களூருக்கு வருவோம். இந்த ஊரில் கார் சாமான் என்றால் ஜே.சி. ரோடு. டவுன் ஹாலில் ஆரம்பித்து வரிசையாகக் கடைகள். கன்னடம், தமிழ், உருது மூணும் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும். அங்கே ஒரு கடைக்காரர் சொல்லி ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் கிடைத்தார். அறுபது வயசிருக்கும். கேஜிஎஃப்காரர், தமிழர். தாத்தாவும் அப்பாவும் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள். 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடினபிறகு ஆயிரக்கணக்கானவர்களைப்போல இவரும் தினமும் மாரிக்குப்பம் ரயிலில் பெங்களூர் வந்து போகிறவர்.

ஹெரால்டின் பானெட்டைத் திறப்பதே ஒரு காட்சி. மட்கார்டு, ஹெட்லைட் எல்லாத்தோடும் மொத்த மூஞ்சியும் முன்பக்கம் கவிழும். மனுஷர் பல்பைத் தொடவே இல்லை. எஞ்சினைக் கொஞ்சம் ரேஸ் பண்ணச் சொல்லி, லைட்டைப் போட்டுவிட்டு மீட்டரை வைத்தார். பாட்டரியில் 13.6 வோல்ட். பல்பின் காலில் 11.4.

"லைட் வீக் இல்ல சார். கரண்ட் வர்ற ரோடு வீக்" என்றார்.

2.2 வோல்ட்தானே என்று நான் நினைத்தேன். இழை பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜோடு நேர்விகிதத்தில் குறைவதில்லை; ஏறக்குறைய 3.4 மடங்கு அடுக்கில் குறையும். கணக்குப் போட்டால், 16 சதவீத வோல்ட்டேஜ் போனதில் பாதிக்குக் கிட்ட வெளிச்சம் போய்விட்டது. கண்ணு தப்பில்லை, பல்பு தப்பில்லை.

எங்கே போயிற்று அந்த 2.2? பழைய வண்டிகளில் பாட்டரியில் கிளம்பும் மின்சாரம் நேராக விளக்குக்குப் போகாது. டேஷ்போர்டு வரை வந்து, லைட் ஸ்விட்சுக்குள் நுழைந்து, பிரைட்-டிம் ஸ்விட்சுக்குள் நுழைந்து, திரும்ப எஞ்சின் பக்கம் போய், இடையில் நாலைந்து இணைப்புகளைக் கடந்து பல்பை அடையணும். டிம்மில் ரெண்டு பல்புக்கும் சேர்த்து 9 ஆம்ப்ஸுக்கு மேல் இந்த வழி முழுக்க ஓடணும். புதுசில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அன்றைய சின்ன பல்புக்கு அன்றைய கம்பி போதும். ஐம்பது வருஷக் களிம்பு ஒவ்வொரு இணைப்பிலும் படிந்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? பெங்களூர் அபார்ட்மெண்ட்வாசிகளுக்கு இது நல்லாப் புரியும். மொட்டை மாடித் தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும். போர்வெல் உப்பு அடைத்த ஷவரில் நூலாகத்தான் வரும். பெரிய ஷவரை மாட்டினால் தீருமா?

மாட்டினார்களே! ஸ்விட்சைக் கழற்றிக் காட்டினார். பின்பக்கம் பழுப்பேறிக் கருகியிருந்தது. "யாரோ முன்னாடி நூறு வாட் பல்பு போட்டிருக்காங்க சார்" என்றார். 1994-ல் நடந்ததை இவர் கம்பியில் படித்துச் சொல்லிவிட்டார். பெரிய பல்பு அதிக ஆம்ப்ஸ் கேட்கும். அதிக ஆம்ப்ஸ் ஓடினால் வழியில் இழப்பும் சூடும் இன்னும் கூடும்.

* * *

"எங்க ஊரு லைன் போட்டதும் இதே பிரச்சினைதான் சார்" என்று டீ குடிக்கும்போது ஆரம்பித்தார்.

காவிரி விழுகிற சிவனசமுத்திரத்தில் மின்நிலையம் அமைத்து, 1902 ஜூனில் கேஜிஎஃப் சுரங்கங்களுக்கு மின்சாரம் அனுப்பினார்கள். தூரம் 147 கிலோமீட்டர். அன்றைக்கு உலகத்திலேயே மிக நீளமான மின்பாதைகளில் ஒன்று. திட்டத்தைத் தொடங்கிவைத்த மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர் பாலக்காட்டுத் தமிழர்; விளக்கு எரிவதைப் பார்க்காமல் 1901-ல் காலமாகிவிட்டார். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பஞ்சம் பிழைக்கப் போன நம்ம ஜனங்கள் இறங்கின சுரங்கத்துக்குத்தான் அந்த மின்சாரம் முதலில் போனது. பெங்களூர் நகரத்துக்கு அது வந்தது 1905 ஆகஸ்டில்தான். முதல் தெருவிளக்கு எரிந்த கே.ஆர். மார்க்கெட், நான் ரிலே வாங்கின கடையிலிருந்து நடக்கிற தூரம்.

147 கிலோமீட்டர் கம்பியில் இழப்பில்லாமல் எப்படி அனுப்புவது? கம்பியில் வீணாகும் சக்தி, ஓடுகிற ஆம்ப்ஸின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆம்ப்ஸைப் பாதியாக்கினால் இழப்பு கால்வாசி. அதனால் முப்பதாயிரம் வோல்ட்டுக்கும் மேலே ஏற்றி, ஆம்ப்ஸைக் குறைத்து அனுப்பினார்கள். நம்ம வண்டியில் 12 வோல்ட்டை ஏற்ற முடியாது. அப்போ மிச்சமிருக்கிற ஒரே வழி, பெரிய மின்சாரத்தின் பாதையைச் சுருக்குவது. அதுக்குத்தான் ரிலே.

* * *

ரிலே காருக்காகப் பிறந்ததில்லை. 1835-ல் அமெரிக்காவில் ஜோசஃப் ஹென்றி, தூரத்திலிருந்து வரும் சின்ன மின்சாரத்தால் ஒரு மின்காந்தத்தை இயக்கி, அது இன்னொரு மின்சுற்றைத் திறந்து மூடும்படி செய்து காட்டினார். நீளமான தந்திக் கம்பியில் சோர்ந்துபோய் வரும் சமிக்ஞைக்கு அது உயிர் கொடுத்தது. 1844-ல் மோர்ஸ் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குத் தந்தி அடித்தபோது ரிலே இருந்தது. அந்தத் தந்தி நம்ம நாட்டில் 2013 ஜூலையோடு நின்றுபோனது. அதன் பிள்ளை கோடிக்கணக்கான வண்டிகளில் "டிக்" என்று அடித்துக்கொண்டிருக்கிறது.

ரிலே என்ற பேர் வந்தது தபால் குதிரைகளிடமிருந்து. களைத்த குதிரையை அவிழ்த்துப் புதுக் குதிரை பூட்டும் இடம். தமிழில் இதுக்கு வார்த்தை இல்லையா என்று யோசித்தால், இருக்கவே இருக்கு: அஞ்சல். அம்மாவின் ஊர் நாகர்கோவில். அந்தக் காலத் திருவிதாங்கூரில் தபாலாபீஸை அஞ்சலாபீஸ் என்பார்கள். ஓட்டக்காரன் மணி கட்டின கோலோடு ஓடிவந்து அடுத்தவன் கையில் பையைக் கொடுப்பான். 1951-ல் இந்தியத் தபாலோடு சேரும்வரை அது தனி இலாகா. ரேடியோ கேட்டு வளர்ந்தவங்களுக்கு இன்னொரு ஞாபகம் வரும். டெல்லியில் வாசிக்கும் தமிழ்ச் செய்தியைத் திருநெல்வேலி நிலையம் "அஞ்சல்" செய்யும். டெல்லியிலிருந்து மெலிதாக வருவதை வாங்கி, இங்கிருக்கிற பெரிய சக்தியில் ஒலிபரப்புவது. ஹெட்லைட் ரிலே செய்கிறது அட்சரம் பிசகாமல் இதேதான்.

ஏற்பாடு இவ்வளவுதான். ரிலேயில் நாலு கால். 30 என்ற காலுக்குப் பாட்டரியிலிருந்து தடிமனான கம்பி. 87-லிருந்து நேராகப் பல்புக்கு. 85, 86 ரெண்டும் காந்தச் சுருளுக்கு: ஒண்ணு எர்த்துக்கு, ஒண்ணில் பழைய ஸ்விட்சிலிருந்து வரும் கம்பி. நீலத்தில் வெள்ளைக் கோடு என்றால் பிரைட்டு, நீலத்தில் சிவப்புக் கோடு என்றால் டிம்மு. லூகாஸின் நிற வழக்கம் இன்னும் அப்படியே. பழைய ஸ்விட்ச் இனி கால் ஆம்ப்ஸுக்கும் குறைவாகச் சுமந்தால் போதும். பிரைட்டுக்கு ஒரு ரிலே, டிம்முக்கு ஒரு ரிலே. ஒவ்வொண்ணுக்கும் பாட்டரி பக்கத்திலேயே 15 ஆம்ப்ஸ் பியூஸ். விளக்குக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி, பாட்டரியிலிருந்து வரும் பொதுக் கம்பி 4.

"எர்த்த மறந்துடாதீங்க" என்றார் எலக்ட்ரீஷியன். போன 2.2 வோல்ட்டில் 0.6 எர்த் பக்கம் போனது. துருப்பிடித்த தகடு வழியாகத் திரும்பின மின்சாரம் அது. ரெண்டு விளக்குக்கும் தனி எர்த் கம்பி இழுத்தார்.

வேலை முடிந்து மீட்டர் காட்டினது 13.2. வெளிச்சம் ஒன்றரை மடங்குக்கும் மேலே. பல்பு அதே 60/55 தான். உங்க வீட்டிலும் பழைய வண்டி இருந்தால் ரெண்டு விஷயம்: பாட்டரி முனையைக் கழற்றாமல் கம்பியில் கை வைக்காதீங்க. "அதான் ரிலே போட்டாச்சே" என்று நூறு வாட் பல்பு மாட்டாதீங்க. எதிரே வர்றவருக்கு ஆபத்து, சட்டப்படியும் தப்பு. எங்க வண்டி டைனமோவும் சுமார் 22 ஆம்ப்ஸுக்கு மேல் தராது.

மொத்தச் செலவு, கூலி தவிர, ஆயிரத்துச் சொச்சம்.

* * *

அந்த ஆயிரத்துச் சொச்சம்தான் என்னை ஒரு வாரம் தூங்கவிடவில்லை. அப்பாவிடம் சொல்வதா வேண்டாமா? சொன்னால், உங்க கண்ணு நல்லாத்தான் இருந்தது என்று ஆகும். அதுவே, அன்றைக்கு ராத்திரி அம்பாசமுத்திரம் போயிருக்கலாம் என்றும் ஆகும்.

கடைசியில் போனில் சொன்னேன். எத்தனை வோல்ட் போயிருந்தது, எந்த இணைப்பில், ஸ்விட்ச் எவ்வளவு கருகியிருந்தது என்று எல்லாம் விவரமாகக் கேட்டார். அப்புறம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. லைன் கட்டாயிட்டுதோ என்று நினைத்தேன்.

"அப்பம் கண்ணு நல்லாத்தான் இருந்திருக்கு" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "எல்லாரும் கண்ணையே பாத்தோம்ல. ஒயர ஒருத்தனும் பாக்கல."

ஆச்சி பேரை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

போன மாசம் அப்பாவும் அம்மாவும் இங்கே வந்திருந்தார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஹெரால்டை எடுத்து, அத்திபெலே தாண்டி ஓசூர்வரை போய்த் திரும்பினோம். முன் சீட்டில் அப்பா. கேடராக்ட் ஆபரேஷன் செய்த கண்ணு, கையில் கைத்தடி. பழைய விளக்கு மஞ்சளாக, ஆனால் தூரம்வரை விழுந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். எதிரே, கண்ணைப் பறிக்கும் எல்இடி விளக்கோடு ஒரு வண்டி. டிம் பண்ணவே இல்லை. எனக்கு வந்த கோபத்தில் நானும் பிரைட்டிலேயே வச்சிருந்தேன்.

"ஏல, டிம் அடி" என்றார் அப்பா. "எதுக்க வாறவனுக்கும் ரோடு தெரியணும்லா."

டிம் பண்ணினேன். டேஷ்போர்டுக்குக் கீழே ரிலே "டிக்" என்றது. அப்பா அந்தப் பக்கம் குனிந்து பார்த்துவிட்டு, "இதுதானா அது?" என்று மட்டும் கேட்டார்.